கடைமடை

காலை 7.45.

கை கழுவுகிறேன். சோப்பு நுரை விரலிடுக்கில் நிற்கிறது. அவசரப்படாமல் கழுவச் சொல்லியிருக்கிறார்கள். அவசரப்படாமல் கழுவுகிறேன்.

கிணற்றடியில் ஒரு வாழையிலை கிழிந்து ஆடுகிறது.

*

அம்மை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். இடது விலாவுக்குக் கீழே, தோலிலிருந்து ஒரு குழாய் வெளியே வருகிறது. தடித்த நூலின் கனம்தான். ஒரு மில்லிமீட்டர் இருக்கும்.

தோலுக்கு அடியில் ஒரு சாண் தூரம் அது முதுகை நோக்கி ஓடுகிறது. பிறகு இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ளே இறங்குகிறது. அதற்கு மேல் என் கண்ணுக்கு வழி இல்லை.

குழாயின் வெளிமுனையில் ஒரு சிறிய வட்டில். ஃபில்டர். 0.2 மைக்ரானுக்குப் பெரிய எதையும் அது உள்ளே விடாது. பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை.

அந்த வட்டிலை ஒரு பஞ்சுத் துண்டில் பொதிந்து, பிளாஸ்டர் போட்டு வயிற்றோடு ஒட்டியிருக்கிறார்கள்.

*

ஸ்பிரிட் மணம்.

மூடியைத் திறக்கிறேன். துடைக்கிறேன். உலரக் காத்திருக்கிறேன். சிரிஞ்சைப் பொருத்துகிறேன். முதலில் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் வரக் கூடாது. தெளிந்த நீர் வரக் கூடாது. ஒன்றும் வரவில்லை.

ஒன்றும் வராமல் இருப்பதற்காக இவ்வளவு கவனம்.

பிறகு அழுத்துகிறேன். 10 மில்லி. அதில் மார்ஃபின் 3 மில்லிகிராம், மரத்துப்போக வைக்கும் மருந்து கொஞ்சம், மீதி உப்புநீர். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு மெல்லிய எதிர்ப்பு இருக்கிறது. அது ஒரே அளவில் இருக்க வேண்டும். திடீரென்று கூடினாலும் குறைந்தாலும் நிறுத்த வேண்டும்.

"பைய, மக்ளே."

பைய.

*

சிரிஞ்ச் காலியாகிறது. மூடியைப் போடுகிறேன். நேரத்தை நோட்டில் எழுதுகிறேன்.

8.06.

அவள் கண்ணை மூடியிருக்கிறாள். நான் பாயில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். வலி உடனே போவதில்லை. போகிற நேரம் இதுதான் என்று காட்டவும் முடியாது. புருவங்களுக்கு நடுவிலிருக்கும் சுளிவு அவிழ்கிறது. பிறகு உள்ளங்கை விரிகிறது. பிறகு அவள் வேறு எதையாவது பற்றிப் பேசத் தொடங்குகிறாள்.

அப்போதுதான் தெரிகிறது.

*

கருப்பைவாயில் தொடங்கிய நோய். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பரவி, காலுக்குப் போகும் நரம்புக் கற்றையில் கை வைத்துவிட்டது.

அம்மை அதற்கு வைத்திருக்கும் சொற்கள் வேறு. காந்தல். கடுப்பு. உளைச்சல். இரவில் வருவது பிடுங்கல். இருமினால் வருவது தெறிப்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து, நோவு.

பூஜ்யத்திலிருந்து 10 வரை எவ்வளவு என்று டாக்டர் கேட்கிறார். அவள் யோசிக்கிறாள். எண் வரவில்லை.

"ஒரு கோட்டை இருக்கும்."

நெல் அளந்த கை. டாக்டர் என்னைப் பார்க்கிறார். கோட்டை, மரக்கால், நாழி, உழக்கு என்று நான் இறங்குவரிசையில் சொல்கிறேன். அவர் காகிதத்தில் குறித்துக்கொள்கிறார். அடுத்த முறை அவரே கேட்கிறார்: இன்றைக்கு மரக்காலா, நாழியா?

*

குழாய் வைக்கும் நாள்.

கட்டிலின் ஓரத்தில் அம்மையை உட்கார வைக்கிறார்கள். முதுகை வெளியே தள்ளிக் கூன் போடச் சொல்கிறார்கள். அவள் முதுகு தானாகவே ஒரு வளைவைக் கண்டுபிடிக்கிறது. நாற்று நடும்போது குனிகிற குனிவு. 40 வருடம் அந்த வளைவில் வேலை செய்திருக்கிறாள். டாக்டர், நல்லாயிருக்கு, அப்படியே இருங்கம்மா என்கிறார்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்கிறார்கள். கண்ணாடி வழியே டாக்டரின் கைகள் தெரிகின்றன. ஊசியின் பின்னால் உப்புநீர் நிறைந்த சிரிஞ்ச். இடது கை ஊசியைத் தாங்குகிறது. வலது கட்டைவிரல் சிரிஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கிறது. தோல், கொழுப்பு, தசைநார். ஒவ்வொரு மில்லிமீட்டராக. மஞ்சள் தசைநார் வரும்போது சிரிஞ்ச் அசையவே அசையாது.

பிறகு ஒரு கணம். எதிர்ப்பு இல்லாமல் போகிறது. கட்டைவிரல் தானாக முன்னே சரிகிறது.

டாக்டரின் தோள்கள் தளர்வதை நான் பார்க்கிறேன்.

*

அந்த இடத்துக்குப் பெயர் எபிடியூரல் வெளி. டியூரா என்கிற உறைக்கு வெளியே இருக்கிற வெளி.

வெளி என்று சொன்னாலும் அங்கே வெற்றிடம் இல்லை என்கிறார் டாக்டர். கொஞ்சம் கொழுப்பு. மெல்லிய ரத்தநாளங்கள். எல்லாம் ஒட்டிக் கிடக்கின்றன. மருந்து போனால் விலகி இடம் கொடுக்கும். மருந்து வடிந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

தோலிலிருந்து 4 அல்லது 5 சென்டிமீட்டர் ஆழம்.

அவ்வளவு பக்கத்தில்.

*

ஓ.பி. சீட்டின் பின்புறம் டாக்டர் நான்கு எண்களை எழுதுகிறார்.

300.
100.
10.
1.

வாய் வழியாக 300 மில்லிகிராம் மார்ஃபின் செய்கிற வேலையை, ரத்தநாளத்தில் 100 செய்கிறது. உறைக்கு வெளியே, இந்தக் குழாய் வழியே, 10 செய்கிறது. உறைக்கு உள்ளே, தண்டுவட நீரிலேயே போட்டால், 1 போதும். துல்லியக் கணக்கு இல்லை, கைக்கணக்கு என்கிறார். ஆளுக்கு ஆள் மாறும்.

அம்மை நாளைக்கு 180 விழுங்கிக்கொண்டிருந்தாள். உறக்கம், ஓக்காளம், மலம் கல்லாகி இறுகிப்போதல். அப்படியும் கோட்டையிலிருந்து இறங்கவில்லை. இப்போது இரண்டு வேளை, 3 மில்லிகிராம் வீதம்.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறேன். எண்கள் சிறிதாகச் சிறிதாக, இடம் உள்ளே போகிறது.

*

இரவு.

மாட்டுத் தொழுவத்தில் சங்கிலி அசைகிறது. மழை விட்டுவிட்டது. ஓலையிலிருந்து சொட்டுகிறது.

முனகல் இல்லை.

அது இல்லாதது என்னை எழுப்பிவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணுகிறேன். மார்ஃபின் சில வேளை மூச்சை மெதுவாக்கும். ஒரு நிமிடத்துக்கு 14. 15. மறுபடி 14.

எண்ண எண்ண என் மூச்சும் அவள் மூச்சோடு போய்ச் சேர்கிறது. நான் பிரித்துக்கொள்வதில்லை.

*

ஸ்பெயினில் ஒரு ராணுவ அறுவை மருத்துவர். ஃபிதெல் பாஹெஸ். 1921-இல் இந்த வெளிக்குள் இடுப்பு வழியே மருந்து செலுத்தி எழுதுகிறார். 1923-இல் சாலை விபத்தில் இறந்துபோகிறார். எழுதியது கிடக்கிறது. 10 வருடம் கழித்து இத்தாலியில் தொல்யோத்தி அதே இடத்தைத் தானாகக் கண்டடைகிறார். சிரிஞ்சின் எதிர்ப்பு விலகுவதை விரலால் உணர்கிற முறையை ஊருக்குச் சொல்கிறார்.

1947. ஹவானா. மார்த்தினெஸ் கூர்பெலோ, சிறுநீர்க்குழாய்க்காகச் செய்த ஒரு மெல்லிய குழலை எடுத்து முதுகுக்குள் விடுகிறார். ஊசியை எடுத்துவிடுகிறார். குழல் தங்குகிறது.

1979. ஜெருசலேம். 10 நோயாளிகள். ஆளுக்கு 2 மில்லிகிராம் மார்ஃபின், இதே வெளியில். வலி இறங்குகிறது.

1987. சியாட்டிலில் டூ பென் மாதக்கணக்கில் இருக்கக்கூடிய சிலிக்கோன் குழலைத் தோலுக்கடியில் ஓட்டி, வீட்டுக்கு அனுப்புகிறார்.

எத்தனையோ கட்டைவிரல்கள்.

இப்போது நாஞ்சில் நாட்டில், ஓட்டுவீட்டில், என்னுடையது.

*

தோலுக்கு அடியில் ஓட்டுவது எதற்கு என்று டாக்டரிடம் கேட்கிறேன்.

முதுகிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கிருமிக்குக் குறுக்குவழி ஆகிவிடும். படுத்தால் இழுபடும். சுற்றிக் கொண்டுவந்தால் வழி நீளம். நீளமான வழியில் வருகிறவை களைத்துப்போகும்.

தாலுகாவின் கடைசி வயலுக்கு நீர் போகிற கதை போலவே இருக்கிறது. அங்கே நீளம் பகை. இங்கே நீளம் காவல்.

*

மாத்தூர் தொட்டிப்பாலம் நினைவுக்கு வருகிறது. 1966-இல் கட்டியது. 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல், பட்டணங்கால் நீர் ஒரு தொட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கீழே பறளியாறு. மேலே கால்வாய். இரண்டு நீர். ஒன்றை ஒன்று தொடாமல்.

சின்ன வயதில் அம்மை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நடக்கிறாள். நான் ஆற்றைப் பார்க்கிறேன். அவள் தொட்டியில் ஓடுகிற நீரைப் பார்க்கிறாள்.

உறைக்கு வெளியே மருந்து. உறைக்கு உள்ளே தண்டுவட நீர். இங்கே தொடாமல் இருந்தால் பயனில்லை. கொஞ்சம் கொழுப்பில் தங்குகிறது. கொஞ்சத்தை ரத்தம் கொண்டுபோகிறது. மீதி உறை வழியே கசிந்து உள்ளே போகிறது. தண்டுவடத்தின் பின்கொம்பில், காலிலிருந்து வருகிற நோவு மேலே ஏறுகிற இடத்தில், போய் உட்கார்கிறது.

வலிக்கு அங்கே ஒரு கதவு இருக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் எழுதுகிறார்கள்.

எங்களூர்க்காரர் கண்டிருந்தால் மடை என்று சொல்லியிருப்பார்.

*

அரிப்பு. மூக்கு நுனியில் தொடங்கிக் கன்னம் வரை. அதுவும் மருந்தினால்தான்.

அவள் சொறிகிறாள். நான் தேங்காயெண்ணெய் தடவுகிறேன். தடவும்போது என் சிறுவயது முதுகில் அவள் எண்ணெய் வைத்துத் தேய்க்கிற சனிக்கிழமை வருகிறது. உள்ளங்கையில் காய்ப்பு. முதுகில் அது உரசுகிற விதம்.

அவள் முதுகை நான் தொட்டது இந்த நோய்க்குப் பிறகுதான்.

*

பகல் 11.

இடது கால் கொஞ்சம் மரத்திருக்கிறது. அவள் தொடையைக் கையால் தூக்கி வைத்துப் பார்க்கிறாள். தட்டுகிறாள்.

"இது ஆருக்க காலு?"

சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். சிரிப்பு முடிந்த பிறகும் அவள் கை காலின் மேலேயே இருக்கிறது.

*

பார்க்க வருகிறவர்கள்.

மட்டிப்பழம் ஒரு சீப்பு. ஆர்லிக்ஸ். பிறகு காரணம்.

மணவாளக்குறிச்சியின் கதிர்வீச்சு மண் என்கிறார் ஒருவர். வாழைக்கு அடிக்கிற மருந்து என்கிறார் இன்னொருவர். தெற்குப் பார்த்த அடுக்களை என்கிறாள் ஒரு மயினி. கருப்பைவாய்ப் புற்று ஒரு வைரஸால் வருவது, அதைக் கண்டவருக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள், இப்போது பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது என்று சொல்கிறேன்.

பேச்சு நின்றுவிடுகிறது. காப்பித் தம்ளரின் அடியில் சுக்குத்தூள் படிந்திருக்கிறது.

அந்த மயினிக்கு இரண்டு பேத்திகள். வாசல் வரை கூடவே போய், தடுப்பூசியைப் பற்றி இன்னொரு முறை சொல்கிறேன். தலையாட்டுகிறாள்.

*

நெய்யூர் வழியாக பஸ் போகிறது.

ஆஸ்பத்திரியின் பழைய சுவர். மரங்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த ராம்சே 1838-இல் தொடங்கி வைத்த இடம். 70 வருடம் கழித்து, 1908-இல், அங்கே பணியாற்றிய பென்டல் திருவிதாங்கூரில் தான் கண்ட புற்றுநோயாளிகளைப் பற்றி இங்கிலாந்தின் மருத்துவ இதழில் எழுதுகிறார். 1,700 பேர். 1933-இல் ஆர் என்பவர் இங்குள்ள வாய்ப்புற்று பற்றி, வெற்றிலை முறுக்கானைப் பற்றி எழுதுகிறார்.

பஸ்ஸின் ஜன்னல் கம்பி ஈரமாக இருக்கிறது.

1,700 பேரும் இரவுகளை என்ன செய்திருப்பார்கள்.

*

அதே நெய்யூரில் சாமர்வெல் என்கிற அறுவை மருத்துவர்.

1924 ஜூன். எவரெஸ்ட். 28,000 அடிக்குப் பக்கத்தில் வரை போய்த் திரும்பி இறங்கும்போது, தொண்டையில் எதுவோ அடைத்து மூச்சு நின்றுபோய் பனியில் உட்கார்கிறார். முடிந்தது என்று நினைக்கிறார். இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கி ஒரு கடைசி இருமல். அடைப்பு வெளியே வருகிறது. மூச்சு உள்ளே போகிறது.

அதற்கு முந்தைய மலைப்பயணம் முடிந்து ஊர் சுற்ற வந்தபோதுதான் அவர் நெய்யூரைப் பார்த்திருந்தார். காத்துக் கிடக்கிற கூட்டத்தைப் பார்த்திருந்தார். லண்டனில் கிடைக்கவிருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து 20 வருடத்துக்கு மேல் கத்தி பிடிக்கிறார்.

நின்றுபோன மூச்சு திரும்பி வருவதை அறிந்த ஒருவர் இங்கே ஒரு கட்டிலோரம் நிற்பதை நினைத்துக்கொள்கிறேன்.

பஸ் திங்கள்சந்தை வந்துவிடுகிறது.

*

மார்ஃபின் குப்பி சின்னது. சுண்டுவிரலின் பாதி. நிறமில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்.

காலிக் குப்பிகளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பழைய ஓவல்டின் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். அசைத்தால் கிணுகிணுக்கிறது.

உலகத்தின் மருந்துக்காக அபின் விளைவித்துத் தருகிற நாடு இது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசின் ஆலைகள் இருக்கின்றன. 1985-இல் போதைப்பொருள் சட்டம் வருகிறது. உரிமங்களுக்குப் பயந்து மருந்துக்கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்ஃபினைக் கைவிடுகின்றன. 1997-இல் இந்த முழு நாடும் வலிக்காகச் செலவழித்த மார்ஃபின் 18 கிலோ.

18 கிலோ. அம்மை தலையில் சுமந்த ஒரு நெல்மூட்டையில் பாதிகூட இல்லை.

2014-இல் சட்டத்தைத் திருத்துகிறார்கள். வழி கொஞ்சம் திறக்கிறது. இன்னும் எத்தனையோ ஊருக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோபமும் வருகிறது. அது நெஞ்சில் சூடாக இருப்பதைப் பார்க்கிறேன். போகச் சொல்லவில்லை.

*

இந்தப் பக்கத்தில் நோய் முற்றியவர்கள் வடக்கே பார்த்துத்தான் போகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம். காலை ரயில். மடியில் எக்ஸ்ரே கவர். 1981-இல் அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் வந்தது. 1956 நவம்பர் 1-க்குப் பிறகு மாநில எல்லைக்கோடு நடுவில் விழுந்தாலும், உடம்பு பழைய வழியிலேயே போகிறது.

அந்த ரயிலில் யாரும் யாரையும் என்ன நோய் என்று கேட்பதில்லை. கவரின் கனத்தைப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள்.

*

ராஜகோபால் என்கிற மயக்கவியல் மருத்துவர் பல இடங்களில் சொல்லியிருக்கிற ஒரு நிகழ்ச்சி.

நாக்கில் புற்றுள்ள ஒரு கல்லூரி ஆசிரியர் அவரிடம் வருகிறார். இவர் நரம்பில் ஊசி போடுகிறார். வலி போகிறது. இவருக்குத் தன் கையின் மேல் மகிழ்ச்சி. இனி வர வேண்டியதில்லை என்று அனுப்புகிறார். இனி வைத்தியமே இல்லை என்பதை அந்த மனிதர் அப்போதுதான் விளங்கிக்கொள்கிறார். வீட்டுக்குப் போய் உயிரை முடித்துக்கொள்கிறார்.

வலி இல்லாத உடம்போடு.

1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்பு மருத்துவமனையைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா. ஊசியின் நுனிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அந்த ஆசிரியர் அவருக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சிரிஞ்சைக் கீழே வைத்த பிறகும் நான் உடனே எழுந்து போவதில்லை.

*

வர்ம ஆசான் வருகிறார். அப்பனுக்குத் தோள் பிசகியபோது நேராக்கியவர். வயதாகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, உள்ளே வருகிறார்.

அம்மையின் கணுக்காலைப் பிடிக்கிறார். முழங்காலின் பின்புறம். இடுப்பு. அவர் விரல்கள் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நின்று கேட்கின்றன. 108 இடங்கள் அவர் கையில் இருக்கின்றன. முதுகில், குழாய் உள்ளே இறங்குகிற இடத்துக்கு மேல், விரல் படாமல் நிற்கிறது.

"இங்கன நான் தொடப்படாது," என்கிறார்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். வெகுநேரம் அப்படியே இருக்கிறார். போகும்போது அம்மை நிம்மதியாக உறங்கிக்கொண்டிருக்கிறாள். அது 8 மணி மருந்தா, ஆசானின் இருப்பா. நான் பிரித்துப் பார்க்கவில்லை.

*

புதன்கிழமை.

நர்ஸ் ஸ்கூட்டரில் வருகிறாள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து இந்த வழியெல்லாம் அவளுக்குப் பாடம். பிளாஸ்டரைத் தோலோடு சேர்த்து இழுக்காமல், தோலை அமர்த்திப் பிடித்து உரிக்கிறாள். குழாய் வெளியே வருகிற இடத்தை முகம் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறாள். சிவப்பு இல்லை. சீழ் இல்லை. நாற்றம் இல்லை.

குழாயின் மேல் சென்டிமீட்டர் கோடுகள். அவற்றை எண்ணுகிறாள். உதடு அசைகிறது.

காய்ச்சல் உண்டா. முதுகுவலி புதிதாக உண்டா. கால் பலம் குறைந்ததா. மூத்திரம் தடையில்லாமல் போகிறதா. நான்கு கேள்விகள். உள்ளே சீழ் கட்டினால் இந்த வழிகளில்தான் தெரியும். தெரிந்தால் அன்றே ஓட வேண்டும்.

இல்லை. இல்லை. இல்லை. போகிறது.

புதுப் பிளாஸ்டர் வெள்ளையாக இருக்கிறது. அம்மை அதைத் தடவிப் பார்க்கிறாள்.

*

ஒரு விடியற்காலை குழாய் ஈரமாக இருக்கிறது.

ஃபில்டரும் குழாயும் சேர்கிற இடம் கழன்றிருக்கிறது. முந்தைய இரவு முடுக்க வேண்டியவன் நான். தூக்கக் கலக்கத்தில் முடுக்கியிருக்கிறேன். மருந்து பாயில் வடிந்து கிடக்கிறது.

அவள் என்னை எழுப்பவில்லை. வாயில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

"நீ ஒறங்கட்டும்னு பாத்தேன்."

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கோட்டை நிறைந்து வெளியே சிந்தியிருப்பது முகத்தில் தெரிகிறது.

நர்ஸுக்குப் போன். கிருமி புகுந்திருக்கலாம். குழாயின் நுனியை வெட்டிப் புது இணைப்பு போட வேண்டும். அதுவரை வாய்வழி மாத்திரை. மருந்து ஏற ஆகும் நேரத்தில் அவள் தலையை மடியில் வைத்திருக்கிறேன். என் தொடையில் அவள் நகம் பதிகிறது.

வெளியே வெளிச்சம் வருகிறது. ஒரு செம்போத்து. பிறகு பால்காரரின் சைக்கிள்.

நகம் மெல்ல மெல்ல எடுபடுகிறது.

*

குற்ற உணர்ச்சி வருகிறது.

இருக்கிறது.

கஞ்சிக்கு அரிசி கழுவுகிறேன்.

*

வலி இல்லாத மத்தியானங்கள்.

அம்மை ஊர்க்கதை பேசுகிறாள். யாருடைய களத்தில் யார் கதிரடித்தார்கள். எந்த வருடம் கும்பப்பூ விளைச்சல் வெள்ளத்தில் போனது. தோவாளையிலிருந்து பிச்சிப்பூ கூடை சுமந்து வந்தவள் பெயர் என்ன. பெயர் வரவில்லை. அதைத் தேடிக்கொண்டு சீலிங்கைப் பார்க்கிறாள்.

பத்து நாளைக்கு முன்னால் இந்த முகத்தில் பெயர் தேட இடம் இருக்கவில்லை.

சில வேளை பேச்சு நின்று, நோவு இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காருகிறது. அதை அவள் என்னிடம் சொல்வதில்லை. கண்ணோரம் ஈரம். துடைப்பதற்குள் காய்ந்துவிடுகிறது.

அதற்கு மில்லிகிராம் இல்லை.

சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர் நோய்த்தணிப்பு இல்லத்தைத் திறந்தவர். உடம்பின் வலி, மனதின் வலி, வீட்டின் வலி, ஆன்மாவின் வலி எல்லாம் சேர்ந்து முழு வலி என்பார். அம்மைக்கு அந்தப் பெயர் தெரியாது. அவள் கேட்பது:

"மாட்டுக்கு வெள்ளம் வச்சாச்சா?"

*

மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். 3 இப்போது 4.

உள்ளே, குழாயின் நுனியைச் சுற்றித் திசு வளர்ந்து வழியைக் குறுக்கலாம் என்கிறார் டாக்டர். மருந்து போகும்போதே முதுகில் வலித்தால் சொல்ல வேண்டும். அல்லது நோய் நகர்ந்திருக்கலாம். இரண்டும் இருக்கலாம்.

உடம்பு தனக்குள் வந்ததைச் சுற்றிச் சுவர் கட்டுகிறது. அதுவும் காக்கத்தான் கட்டுகிறது.

பெயரில்தான் நீண்ட நாள் குழாய். எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. வாரங்கள். மாதங்கள். நோட்டில் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன.

*

சாரல்.

ஆரல்வாய்மொழிக் காற்று இவ்வளவு தூரம் வந்து கதவைத் தட்டிப் பார்க்கிறது. கொடியில் துணி காயவில்லை. மண் மணம், ஸ்பிரிட் மணம், கஞ்சி மணம். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அவள் மூச்சு 15.

*

பேச்சிப்பாறை திறந்துவிட்டார்கள்.

1906-இல் முடிந்த அணை. அங்கிருந்து கிளம்புகிற நீர் சானல் சானலாகப் பிரிந்து, குளங்களை நிறைத்து, மடை மடையாக இறங்கி வர வேண்டும். எங்கள் வயல் கடைசி. மேலே இருக்கிறவர்கள் அடைத்துக்கொண்டால் இங்கே வெடிப்புதான். அம்மை மண்வெட்டியோடு இரவில் போய் மடைக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

கன்னிப்பூ நாற்று காத்திருக்கிறது.

நாளுக்கு மூன்று முறை கேட்கிறாள்.

"வந்தாச்சா?"

இல்லை.

*

இரவு 8 மணி மருந்து.

கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். என் கையின் நிழல் சுவரில் பெரிதாக அசைகிறது.

கழுவுகிறேன். துடைக்கிறேன். உலர்கிறது. பின்னால் இழுக்கிறேன். ஒன்றும் வரவில்லை.

அழுத்துகிறேன். கட்டைவிரலுக்குக் கீழே அந்த மெல்லிய எதிர்ப்பு. நேற்றைக்கும் இன்றைக்கும் ஒன்றா என்று விரல் கேட்கிறது. கொஞ்சம் கூடியிருப்பது போல. நிறுத்துகிறேன். காத்திருக்கிறேன். மறுபடி.

"வலிக்கா அம்மை?"

"இல்லே. பையப் போவுது. தெரியுது."

என்ன தெரிகிறது என்று கேட்கவில்லை.

*

8.20.

புருவம் அவிழ்கிறது.

உள்ளங்கை விரிகிறது. அதில் என் விரலை வைக்கிறேன். மூடிக்கொள்கிறது.

"இப்பம் எவ்வளவு?"

வெகுநேரம் பதில் இல்லை. உறங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"உழக்கு."

பிறகு, "அது கெடக்கட்டு."

*

அவள் உறங்கிய பிறகு டார்ச்சோடு வயலுக்குப் போகிறேன். வரப்பில் தவளைகள் நிறுத்திவிட்டு, நான் கடந்ததும் மறுபடி தொடங்குகின்றன. மழை இல்லை. தேரூர்க் குளத்துப் பக்கம் ஏதோ ஒரு பறவை ஒரே முறை கூப்பிடுகிறது.

சானலின் அடியில் காய்ந்த சேறு. வெடிப்புகள். டார்ச்சை அணைத்துவிட்டு நிற்கிறேன்.

முதலில் சத்தம்தான். சருகு உரசுகிற சத்தம்.

டார்ச்சைப் போடுகிறேன். காய்ந்த இலைகளையும் நுரையையும் ஒரு பிளாஸ்டிக் தம்ளரையும் முன்னால் தள்ளிக்கொண்டு நீர் வருகிறது. ஒரு விரல் ஆழம் இருக்கும். வெடிப்பு வரும்போதெல்லாம் நின்று, அதை நிறைத்து, பிறகு நகர்கிறது.

எங்கள் மடைக்கு இன்னும் 10 அடி இருக்கிறது.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரப்பில் உட்காருகிறேன்.